ஆத்துக்கும் மலைக்கும் போகும்போது எந்தக் கத்திய எடுக்கது? திருநெல்வேலிக்காரன் எழுதுத முழு வழிகாட்டி

பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போனோம். ரெண்டு வேன், முப்பது பேரு, அண்டா குண்டா அடுப்பு வெறகு எல்லாம் ஏத்தியாச்சு. மாமா ஒருத்தர் ரெண்டடி நீளத்துக்கு அருவா கொண்டாந்திருந்தாரு, சித்தப்பா கையில கோடாலி, என்கிட்ட அப்பத்தான் ஆன்லைன்ல வாங்குன கருப்புக் கலர் கத்தி, பட்டாளத்துக்காரன் இடுப்புல வச்சிருப்பாம்லா அந்த மாதிரி, முதுகுல ரம்பப் பல்லெல்லாம் இருக்கும். எல்லாம் சரிதான். சாம்பாருக்குக் கத்திரிக்கா நறுக்கணும்னு அத்தை கேட்டாவ பாருங்க, நறுக்கதுக்கு ஒண்ணும் இல்ல. அருவாமனை வீட்லயே கெடக்கு. என் கத்திய வச்சு நறுக்குனா காய் நசுங்குது, அலகு அஞ்சு மில்லிமீட்டர் தடிமன், ஆப்பு எறக்குன மாதிரி பொளக்குதே தவிர அறுக்க மாட்டேங்கு. கடைசில பக்கத்து மரத்தடில பொங்கிட்டு இருந்தவங்ககிட்ட அருவாமனை எரவல் வாங்கித்தான் சாம்பாரு கொதிச்சுது. இன்னைக்கும் எங்கயாவது கெளம்புனா அத்தை கேப்பாவ, "எங்கல உன் பட்டாளத்துக் கத்தி?"ன்னு.

அதுக்குப் பொறவு ஏழெட்டு வருஷமா வாங்கி, தொலைச்சு, கைய அறுத்து, ஆசாரிகிட்ட திட்டு வாங்கிக் கத்துக்கிட்டத எழுதுதேன். நம்ம ஊரு ஆறு, தோப்பு, மலை, செம்மணல் தேரி இதுக்கு ஏத்த மாதிரி. வெளிநாட்டு வீடியோவுல கத்தியால மரத்தையே சாய்க்காங்க, நமக்கு அந்த வேலையே இல்ல.

1. கத்திய மறந்துட்டு வேலைய எழுதுங்க

ஒரு பேப்பர எடுத்து, போற எடத்துல என்னென்ன அறுக்கப் போறோம்னு எழுதுங்க. நெசமா செய்யப் போறத மட்டும். சேரன்மகாதேவி பக்கம் ஆத்துல குளிச்சிட்டு கரையில சாப்பிட்டு வாறதுன்னா வெங்காயம், மாங்கா, பார்சல் கயிறு, முறுக்கு பாக்கெட், அவ்வளவுதான். தோப்புல ராத்திரி தங்கி ஆக்கிச் சாப்பிடப் போறோம்னா காய்கறி, கோழி, தேங்கா, இளநி, அடுப்புக்குச் சுள்ளி. உவரி கடற்கரைன்னா மீன். தேரிப் பக்கம் பனங்காட்டுல நுங்கு வெட்டணும்னா அது தனி வேலை, பின்னால சொல்லுதேன்.

எழுதிப் பாத்தீங்கன்னா பத்துல எட்டு வேலை உள்ளங்கை நீள அலகுக்குள்ள முடிஞ்சிரும். மிச்ச ரெண்டுல ஒண்ணு வெறகு, இன்னொண்ணு தேங்கா இளநி. அதனால மெயின் கத்தி சின்னதா இருக்கணும், பெருசு வேணுமாங்கறத அப்புறமா யோசிக்கணும். நம்மாளுக தலைகீழா செய்வோம், அருவாள மொதல்ல ஏத்திட்டு மத்தத மறந்துருவோம்.

2. எங்க கொண்டு போகலாம், எங்க கூடாது

இத வாங்குததுக்கு முன்னாடியே படிச்சிருங்க. ஆயுதச் சட்டம் 1959, அதுக்குக் கீழ 2016ல வந்த விதிகள், அந்தப் பட்டியல்ல அலகு 9 இஞ்சுக்கு மேல நீளம் இல்லன்னா 2 இஞ்சுக்கு மேல அகலம் உள்ள கத்தியெல்லாம் ஆயுதக் கணக்குல வருது, வீட்டு வேலை, விவசாயம் மாதிரி வேலைக்குன்னு செஞ்சதுக்கு மட்டும் விலக்கு. அருவா விவசாயக் கருவிதானன்னு கேக்கலாம். வயக்காட்டுல, தோப்புல இருந்தா ஆமா. ராத்திரி பதினோரு மணிக்கு பைக் சீட்டுக்கு அடியில இருந்தா நீங்க என்ன கதிர் அறுக்கவா போறீங்கன்னு கேப்பாங்க, நம்ம மாவட்டத்துல அருவாளுக்கு இருக்க பேரு அப்படி. கேக்கது நியாயமும்தான். 2021ல அருவா வாங்க வாறவங்க பேரு, அட்ரஸ் எழுதி வைக்கணும்னு தமிழ்நாடு பூரா பட்டறைக்காரங்ககிட்ட போலீஸ் சொன்னாங்க. எங்க ஆசாரி இப்பவும் நோட்டு வச்சிருக்காரு. கேட்டா மொகத்தத் தூக்காம எழுதிக் குடுங்க.

காட்டுக்கு வேற கதை. பாபநாசத்துக்கு மேல காரையார், முண்டந்துறை, இந்தப் பக்கம் மாஞ்சோலை, களக்காடு தலையணை எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், 1988ல இருந்து. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972, அதுல 31வது பிரிவு, எழுத்து மூலமா அனுமதி வாங்காம சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட போகக் கூடாது. சரி நம்ம கொண்டு போறது ஆயுதமான்னு கேட்டா, அந்தச் சட்டம் ஆயுதம்னு சொல்லுத பட்டியல்லயே கத்தி இருக்கு, தூண்டி முள்ளு, வலை கூட இருக்கு. "தம்மாத்தூண்டு பேனாக்கத்திதான சார்"னு செக்போஸ்ட்ல சொல்லிப் பிரயோஜனம் இல்ல. அகஸ்தியர் அருவி, மணிமுத்தாறு அருவி, தலையணைக்கெல்லாம் கத்தியே வேண்டாம், மாங்காய வீட்லயே நறுக்கி டப்பாவுல போட்டுக் கொண்டு போங்க. ஆடி அமாவாசைக்கு சொரிமுத்தய்யனார் கோயில்ல தங்கி சமைக்கப் போறவங்க, சமையல் சாமான் என்ன கொண்டு போலாம்னு முன்கூட்டியே வனத்துறைல கேட்டுட்டு, செக்போஸ்ட்ல தானா எடுத்துக் காட்டிருங்க. ஒளிச்சு வச்சு மாட்டுததுதான் மோசம். அங்க போயி சுள்ளி வெட்டவும் கூடாது.

பிளேன்ல போறவங்களுக்கு, வாகைக்குளத்துல இருக்க தூத்துக்குடி ஏர்போர்ட்டுலயும் மத்த ஏர்போர்ட்டு மாதிரிதான், கத்தி செக்-இன் பெட்டில போகணும், கைப்பைல போட்டா அங்கயே குடுத்துட்டுப் போக வேண்டியதுதான்.

3. சின்னக் கத்தி

ரெண்டு ஜாதி இருக்கு, மடக்குக் கத்தி, மடங்காத நேர் கத்தி. மடக்கு பாக்கெட்ல போகும், நேர் கத்தி உறுதியா இருக்கும், கழுவ லேசு. சமையலுக்கு நேர் கத்திதான்னு நான் சொல்லுவேன், மடக்குக் கத்தியோட மூட்டுக்குள்ள கோழிக் கொழுப்பு போச்சுன்னா ரெண்டு நாள்ல நாறும்.

மடக்கு வாங்குனா லாக் இருக்கான்னு பாருங்க. என் வலது ஆள்காட்டி விரல்ல மூணு தையல் இருக்கு, லாக் இல்லாத ஒரு மடக்குக் கத்திய தேங்கா மட்டைக்குள்ள குத்தித் திருகுனேன், அலகு மடங்கி வெரலு மேல வந்து மூடிக்கிடுச்சு. அது கத்தி தப்பு இல்ல, லாக் இல்லாதத வச்சு குத்தக் கூடாது, இழுத்து மட்டும்தான் அறுக்கணும். சுவிஸ் கத்தின்னு சொல்லுவோம்லா, விக்டோரினாக்ஸ், அதுல 91 மில்லிமீட்டர் சைஸ்ல அலகு லாக் ஆகாது, ஆனா வேலைக்கு அருமை. ஹன்ட்ஸ்மேன் மாடல்ல ரம்பம், கத்திரி ரெண்டும் இருக்கு. நம்ம ஊருல முள்ளு குத்தாத பயணமே கெடையாது, உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும் செருப்பத் தாண்டி ஏறும், அதுக்கு அந்தக் கத்தி பிடிக்குள்ள சொருகி இருக்க சின்ன இடுக்கிக்கே காசு குடுக்கலாம்.

ஓப்பினெல்னு பிரான்ஸ் கத்தி, 8ஆம் நம்பர், அலகு எட்டரை சென்டிமீட்டர், மரப்பிடி. கழுத்துல ஒரு வளையம் இருக்கும், திருகுனா லாக். அலகு மெல்லிசு, தக்காளி, வெங்காயம், மாங்கா எல்லாம் வழுக்கிக்கிட்டுப் போகும். ஒரே கொறை, மரப்பிடி தண்ணி குடிச்சு உப்பிக்கிடும். தாமிரவரணில ஒரு முங்கு முங்கி எந்திச்சேன், பாக்கெட்ல கத்தி, பொறவு அரை நாளு தொறக்கவே முடியல, வெயில்ல காயப் போட்டுத்தான் தொறந்தேன்.

நேர் கத்தில சுவீடன்காரன் மோரா, அதுல கம்பானியன்னு ஒரு மாடல், அலகு பத்து சென்டிமீட்டர் சொச்சம், தடிமன் ரெண்டரை மில்லிமீட்டர். பிளாஸ்டிக் உறையோட வரும், வெலைக்கு மோசமில்ல. இதுல இரும்பு பிடி முழுசுக்கும் போகாது, முக்கால்வாசிதான். நாம அத வச்சு கட்டை பொளக்கப் போறதில்லையே, காய்கறிக்கும் மீனுக்கும் கயித்துக்கும் அது தாராளம்.

இதெல்லாம் வேண்டாம், பட்ஜெட் இல்லன்னா, பாத்திரக்கடைல கெடைக்க பிளாஸ்டிக் பிடி போட்ட சமையல் கத்திய வாங்கி, அட்டையில உறை செஞ்சு சொருகிக்கோங்க. நெசமாத்தான் சொல்லுதேன். என் பட்டாளத்துக் கத்திய விட அது நூறு மடங்கு மேல், அந்தக் கத்தி இப்ப வீட்ல பெயிண்ட் டப்பா மூடி நெம்ப ஒதவுது.

ஸ்டெயின்லெஸ்ஸா கார்பன் இரும்பான்னு ஒரு சண்டை எப்பவும் ஓடும். கார்பன் லேசா தீட்டுப்படும், ஆனா புளி, எலுமிச்சை, மாங்கா பட்டா கருக்கும், கடற்கரைக்குக் கொண்டு போனா ஒரே ராத்திரில துரு. உவரி, திருச்செந்தூர் பக்கம் போறவங்க ஸ்டெயின்லெஸ் எடுங்க, யோசிக்கவே வேண்டாம். தோப்பு, ஆறுன்னா உங்க இஷ்டம்.

4. அருவா வேணும்னா

இளநி, தேங்கா, ஓலை, மட்டை, முள்ளு, இதுக்கு அருவாள மிஞ்சி ஒண்ணும் கெடையாது. ஆனா அருவான்னா ஒரே சாமான் இல்ல. கதிர் அறுக்க பன்னருவால பல்லு இருக்கும், புல்லுக்கும் நெல்லுக்கும் அதுதான், கட்டைல போட்டா பல்லு கொட்டிரும். பனையேறி வச்சிருக்க பாளையருவா சவரக் கத்தி மாதிரி, பாளையத் தாள் கனத்துக்கு சீவதுக்கு உள்ளது, அவங்க அத தீட்டுக்கட்டைல பொடி தூவி தீட்டி, இடுப்புல அருவாப்பெட்டில தனியா வச்சிருப்பாவ, மட்டை வெட்டுதது வேற அருவா. பாளையருவாளக் குடுங்க அண்ணாச்சி, நுங்கு வெட்டணும்னு பனையேறிகிட்ட போய் நின்னுறாதீங்க, மூஞ்சிலேயே அறைஞ்ச மாதிரி ஒரு பார்வை பாப்பாரு, நான் வாங்கியிருக்கேன். நமக்கு வேண்டியது வெட்டருவா, அதுலயும் அலகு எட்டு இஞ்சு இருந்தாப் போதும், பைக்குள்ள போகும், சட்டம் சொல்லுத 9 இஞ்சு நீளத்துக்குள்ளயும் வரும், கையும் வலிக்காது. வீச்சருவா பக்கமே போவாதீங்க, அதுக்கு வெளிய போறப்ப ஒரு வேலையும் கெடையாது.

திருப்பாச்சேத்தி அருவாதான் வேணும்னு அடம் பிடிக்க வேண்டாம், நம்ம பக்கத்துலயே ஊருக்கு ஊரு பட்டறை இருக்கு, சும்மா கடைல தொங்குதத எடுக்காம பட்டறைக்கே போங்க. போயி இன்ன வேலைக்குன்னு சொல்லுங்க. இளநிக்குன்னா வாய், அதாவது வெட்டுத ஓரம், மெல்லிசா, வெறகுக்குன்னா வாய் கொஞ்சம் தடியா அடிச்சுத் தருவாரு.

பெரும்பாலும் லாரி பட்டைலதான் அடிக்காங்க, அந்த லீஃப் ஸ்பிரிங் இரும்புல கார்பன் அளவோட இருக்கும், வளைஞ்சாலும் திரும்பும், சட்டுனு உடையாது. உலையில காய வச்சு, அடிச்சு உருவம் வந்த பொறவு, வாய்ப்பகுதிய மட்டும் செவக்கக் காட்டி தண்ணில முக்குவாரு, சொய்ங்குன்னு ஒரு சத்தம், அப்பறம் முதுகுல மிச்சம் இருக்க சூடு மெல்ல வாய்க்கு எறங்கி வரும், அதுல வைக்கோல் நெறத்துல ஒரு மஞ்சள் ஓடும். எங்க ஆசாரி அந்த நெறத்துக்காகக் கண்ணு இமைக்காம பாத்துக்கிட்டே இருப்பாரு, பக்கத்துல யாரு பேசுனாலும் பதில் வராது, மஞ்சள் வாய்க்கு வந்ததும் மறுபடி முக்கிருவாரு. அந்த ரெண்டு நிமிஷந்தான் அருவா. விட்டா நீலம் பாரிச்சிரும், நீலம் பாரிச்சா வாய் மெதுவாகி மடங்கும். முன்னாடியே முக்குனா கடினமா இருக்கும், ஆனா கணுவுல பட்டதும் வாய் பொடிஞ்சிரும்.

வாங்கும்போது பாக்கணும்னா, வாய மேல பாத்து வச்சு ஒத்தக் கண்ணுல நோட்டம் பாருங்க, ஒரே கோடா ஓடணும், நெளிவு இருந்தா வேண்டாம். அலகு நடுவுல ஆணியால தட்டுங்க, கணீர்னா நல்லது, டப்புன்னா எங்கயோ விரிசல் இருக்கலாம். சின்ன அரம் ஒண்ண வாய்ல லேசா ஓட்டுங்க, நல்ல பதம்னா லேசாத்தான் கடிக்கும், வெண்ணெய் மாதிரி சீவிக்கிட்டு வந்தா மெது. பிடிய மூணு வெரலால புடிச்சு ஆட்டிப் பாருங்க, கனம் முன்னால இருக்கணும், ஆனா மணிக்கட்ட இழுக்கக் கூடாது. கடைசியா பிடி. புளியங்கட்டை நல்லா தாங்கும், மேல இரும்புப் பூண் இறுக்கமா இருக்கணும், பிடிக்குள்ள போற அலகோட வால அரக்கு போட்டு எறக்கியிருக்காருன்னா நல்ல வேலைக்காரரு. ஓங்கும்போது அருவா பிடிய விட்டு பறந்து போறதுதான் இதுல உள்ள பெரிய ஆபத்து, ஒவ்வொரு தடவையும் வெட்டுததுக்கு முன்னாடி பூண ஆட்டிப் பாத்துட்டுத் தொடங்குங்க. ஆடுதா, தண்ணில ஊறப் போட்டு சமாளிக்காதீங்க, கட்டை காஞ்சதும் முன்ன விட மோசமா ஆடும், பட்டறைக்குக் கொண்டு போங்க.

நுங்குக்கு ஒரு வார்த்தை. குலைய மரத்துல இருந்து எறக்க நம்மளால ஆகாது, அது பனையேறி வேலை. எறக்குன காயத் தரைல கட்டை மேல வச்சு, பிடிச்ச கை காயோட அடிப்பாகத்துல இருக்க, மேல்பக்கத்த ஒரே வெட்டுல சீவணும், மூணு கண்ணும் தெரியணும். ரெண்டாவது வெட்டு போட்டா கண்ணு ஒடைஞ்சு தண்ணி போயிரும். பனமட்டையத் தூக்கும்போது ஓரத்துல ரம்பம் மாதிரி இருக்க கருக்கப் பாருங்க, அருவாள விட கருக்குலதான் நெறைய பேரு கைய அறுத்துக்கிடுதாங்க.

5. ரம்பம், கத்திரி, கோடாலி

கோடாலிய வீட்ல வைங்க. மடக்கு ரம்பம் ஒண்ணு, கவ்வாத்து ரம்பம்னு நர்சரிலயும் ஹார்டுவேர் கடைலயும் கெடைக்கும், பல்லு பின்னோக்கி இருக்கும், இழுக்கும்போது மட்டும் அறுக்கும். மணிக்கட்டு தடிமன் காஞ்ச கட்டைய அது ஒரு நிமிஷத்துல தள்ளும், ஓங்க வேண்டியதில்ல, காலும் பொழைச்சுது. அருவால அதே கட்டைய வெட்டுனா செதறு பறக்கும், பக்கத்துல புள்ளைக நிக்கும். அழுத்தாம இழுங்க, அழுத்துனா ரம்பம் வளைஞ்சு ஒடியும். கத்திரி ஒண்ணு, பால் பாக்கெட், மசாலா பாக்கெட், பிளாஸ்திரி வெட்ட. இவ்வளவுதான்.

6. உறை

கத்திக்கு கொடுக்க காசுல பாதி கவனமாச்சும் உறைக்குக் குடுக்கணும். அருவாளுக்கு நான் செய்யுதது, கெட்டி அட்டைய ரெண்டா மடிச்சு அலகு அளவுக்கு வெட்டி, வாய் படுத ஓரத்துல மூணு அடுக்கு வச்சு, மேல பழைய சைக்கிள் டியூப வரிஞ்சு சுத்துவேன். டியூப் இறுக்கத்துல அருவா தலைகீழா புடிச்சாலும் விழாது. பேப்பர்ல சுத்திக் கொண்டு போறத விட்டுருங்க, பைல கை விடுத புள்ளைக்கு பேப்பர் தெரியும், அருவா தெரியாது. லெதர் உறைல ஈரக் கத்திய வச்சு மறந்துராதீங்க, துரு பிடிச்சிரும்.

7. தீட்டுதது

மொட்டைக் கத்திதான் கைய வெட்டும், ஏன்னா அமுக்குவோம், அமுக்குனா வழுக்கும். ஹார்டுவேர் கடைல ரெண்டு பக்கக் கார்போரண்டம் கல்லு, ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ், அது போதும். கல்லுக்கு அடில ஈரத்துணி விரிச்சிருங்க. சின்னக் கத்திக்கு ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி கிட்ட. டிகிரிய எப்படி அளக்கன்னா, ரெண்டு சென்டிமீட்டர் அகல அலகுக்கு முதுகு கல்லுல இருந்து 7 மில்லிமீட்டர் ஒசரத்துல நின்னா அந்த 20 வந்துரும், ஒரு ரூவாத் துட்டு அஞ்ச அடுக்குனா ஏறக்குறைய அந்த ஒசரம். மார்க்கர் பேனாவால வாய் ஓரத்துல மை பூசிட்டு ரெண்டு இழுப்பு இழுத்துப் பாருங்க, மை பூசுன எடம் பூராவும் போனா கோணம் சரி, மேல மட்டும் போனா முதுக இன்னும் தூக்கணும். மறுபக்கத்துல நகத்துக்கு மாட்டுத மாதிரி ஒரு பிசிறு வருத வரைக்கும் ஒரே பக்கம் தீட்டி, பொறவு திருப்பணும். பிசிறு வராம பக்கம் மாத்திக்கிட்டே இருந்தா சாயங்காலம் வரைக்கும் தீட்டலாம், கூர் வராது. கடைசில பழைய பெல்ட்டோட உள்பக்கத்துல பத்து இழுப்பு, வாய பின்னால வச்சு.

தெருவுல வாற சாணைக்காரரு நல்லா பிடிப்பாரு, கரண்டு கிரைண்டர்காரங்ககிட்ட கொஞ்சம் கவனமா இருங்க. பொறி பறக்க அமுக்குனா வாய் நீலம் பாரிக்கும், ஆசாரி ரெண்டு நிமிஷம் கண்ணு இமைக்காம பாத்த அந்தப் பதம் அங்கயே போயிரும். நடுவுல நடுவுல தண்ணில முக்கச் சொல்லுங்க.

வீட்டுக்கு வந்ததும் கழுவித் தொடச்சு, ரொம்ப நாளு எடுக்கப் போறதில்லன்னா தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காண்ணெய் நாளாக நாளாக பிசுபிசுத்து சிக்கு வாடை அடிக்கும்.

8. கையில எடுத்த பொறவு

அருவா ஓங்குதவன் கையும் அருவாளும் சேந்து சுத்துத வட்டத்துக்குள்ள ஒரு ஆளும் நிக்கக் கூடாது. உக்காந்து அறுக்கும்போது தொடை மேல வச்சு அறுக்காதீங்க, தொடையில பெரிய ரத்தக்குழாய் ஓடுது, அங்க பட்டா நேரம் குடுக்காது. கத்திய ஒருத்தருக்குக் குடுக்கும்போது கீழ வைங்க, அவரு எடுத்துக்கிடுவாரு, நம்ம பாட்டிமாரு சண்டை வரும்னு சொன்னது இதுக்குத்தான்னு நெனைக்கேன்.

வெட்டுப்பட்டா சுத்தமான துணிய வச்சு பத்து நிமிஷம் எடுக்காம அமுக்கிப் புடிங்க, நடுவுல நடுவுல எடுத்துப் பாக்கக் கூடாது, காப்பிப் பொடி, மஞ்சப்பொடி எல்லாம் சாம்பாருக்கு மட்டும். நிக்காத ரத்தம்னா அமுக்குன மேனிக்கே வண்டில ஏறுங்க, டிடி ஊசியும் கேட்டுப் போடுங்க. பாம்பு கடிச்சா கத்தி பக்கம் போகவே கூடாது, கடிவாய கீறுததும் உறிஞ்சுததும் உயிருக்குத்தான் கேடு, ஆட்டாம அசைக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.

9. பை கட்டுதது

ஆத்தங்கரைக்கு ஒரு சின்னக் கத்தி, கத்திரி. தோப்புல தங்கி சமைக்க நேர் கத்தி, அருவாமனை, மடக்கு ரம்பம், எட்டு இஞ்சு வெட்டருவா, தீட்டுக்கல்லு. அருவாமனைய நான் கடைசியா சொல்லலைங்கறதக் கவனிங்க, முப்பது பேருக்கு காய் நறுக்க அதுக்கு ஈடே இல்ல, உக்காந்த எடத்துல ரெண்டு கையும் காய்க்கு. மீன் ஆயவும் அதான். கடற்கரைக்கு ஸ்டெயின்லெஸ் கத்தி ஒண்ணு போதும், காட்டு அருவிக்கு நறுக்கி வச்ச டப்பா.

எல்லாப் பிடியிலயும் செகப்பு இன்சுலேஷன் டேப்ப ரெண்டு சுத்து சுத்துங்க. கெளம்பும்போது வேன் ஏறுததுக்கு முன்னாடி எண்ணுங்க. போன தடவை எண்ணுனப்ப ஒண்ணு கொறைஞ்சுது, டார்ச் அடிச்சு முப்பது பேரும் தேடுனோம், வாழையிலை போட்ட கூடைக்கு அடில எச்சி இலையோட கெடந்துது, செகப்பு டேப்பு மட்டும் வெளிய தெரிஞ்சிக்கிட்டு. காலைல மாடு வந்து வாய் வைக்க எடம் அது.